டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் விட்டுப்போயிருக்கிறதா? எங்கே விட்டுப்போனது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

"எனக்கு மெடல் வரவில்லை, தயவுசெய்து அனுப்பி வைக்கவும்" என்று, பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் முன்னாள் படைவீரர்கள் குடியாத்தம், அணைக்கட்டு, காட்பாடி, ஆற்காடு பக்கத்தில் நிறையப் பேர். அந்தக் கடிதம் பதில் இல்லாமல் கிடப்பதற்குக் காரணம் உண்டு. எந்த மெடல், எந்த யூனிட், எந்தத் தேதி என்று ஒன்றும் இல்லாத கடிதத்தில் தேடுவதற்கு அங்கிருக்கும் கிளார்க்குக்கு எதுவும் கிடைக்காது.

ஒரு சேவை மெடல் உங்கள் கைக்கு வரும் பாதை இப்படி. யூனிட் தகுதியுள்ளவர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கிறது. அதை அதிகாரப்பூர்வமாகப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டரை வெளியிடுகிறது. அது ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குப் போய், உங்கள் பணி விவரங்களை எழுதி வைக்கும் ஷீட் ரோலில் ஏறுகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது, அதாவது பணியிலிருந்து வெளியே வரும்போது, ஷீட் ரோலைப் பார்த்து உங்கள் கையில் தரும் டிஸ்சார்ஜ் புக்கை எழுதுகிறார்கள். மெடல் என்ற உலோகத் துண்டு தனியாக, டெல்லியில் தலைமையகத்தின் மெடல் பிரிவு வழியாக, பல நேரம் பல ஆண்டு கழித்து வருகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. பெரும்பாலும் அறுவது பார்ட் டூ ஆர்டர் என்ற இடத்தில்தான். ஆகவே நீங்கள் போருக்குப் போனீர்களா என்ற வாதத்தில் இறங்காமல், போனதைச் சொல்லும் காகிதம் எங்கே நின்றுவிட்டது என்று தேடுங்கள்.

கடிதத்துக்கு முன் மூன்று வேலை

டிஸ்சார்ஜ் புக்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, காலிப் பக்கங்களையும் சேர்த்து, ஜெராக்ஸ் எடுங்கள். மெடல் கட்டம் உள்ள பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்புவது பெரிய தப்பு. அதில் உள்ள யூனிட், சேர்ந்த தேதி, பதவி உயர்வு, டிஸ்சார்ஜ் தேதி இவைதான் உங்கள் சாட்சி. பிபிஓ (பென்ஷன் உத்தரவு), ஆதார், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை ஆகியவற்றின் நகலும் சேரட்டும்.

அடுத்து, மெடலின் சரியான பெயர். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சேனா மெடல், சைன்ய சேவா மெடல், சாமான்ய சேவா மெடல், சமர் சேவா ஸ்டார் நான்கும் வேறு வேறு. முதலாவது வீரத்துக்கோ சிறப்புப் பணிக்கோ ஒருவருக்கெனத் தனியாகத் தரப்படும் விருது. இரண்டாவது கடினமான பகுதிகளில் செய்த பணிக்கு. மூன்றாவது 1965-க்குப் பிந்தைய ஆபரேஷன் பணிகளுக்கு. நான்காவது 1965 போரில் போர்ப்பகுதியில் இருந்தவர்களுக்கு. அதேபோல இலங்கை போய்வந்தவர்கள் கேட்க வேண்டியது ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், அதன் மேல் 'ஸ்ரீலங்கா' கிளாஸ்ப். அதை 'விசிஷ்ட சேவா மெடல்' என்று எழுதினால், உயர் பணிக்கான விருதைக் கேட்கிறீர்கள் என்று நினைத்துத் திருப்பி விடுவார்கள். கிளாஸ்ப் என்பது ரிப்பனில் குத்தும் சிறு பட்டை. மெடல் இருந்து கிளாஸ்ப் மட்டும் பதிவாகாமல் போவதும் உண்டு; அப்போது கிளாஸ்பை மட்டும் கேளுங்கள்.

மூன்றாவது, தேதியை ஒத்துப் பாருங்கள். சுதந்திர வெள்ளிவிழா மெடலுக்கு 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்திருக்க வேண்டும். பொன்விழா மெடலுக்கு 1997 ஆகஸ்ட் 15. 75-ஆம் ஆண்டு மெடலுக்கு 2022 ஆகஸ்ட் 15. 1997 ஜூலை 31 அன்று பென்ஷனில் வந்தவருக்கு இரண்டு வாரத்தில் தவறியதுதான். அதற்கு மனுப் போட்டுப் பயன் இல்லை. ஆனால் அன்றைக்கு லீவில் வீட்டில் இருந்து, டிஸ்சார்ஜ் தேதி ஆகஸ்ட் 31 என்று இருந்தால் உண்டு. வீட்டுக்கு வந்த தேதியை விட்டுவிட்டு டிஸ்சார்ஜ் தேதியைப் பாருங்கள். ரக்ஷா மெடலுக்கு 1965 ஆகஸ்ட் 5 அன்று 180 நாள் சர்வீஸ் முடிந்திருக்க வேண்டும். சமர் சேவா ஸ்டாருக்கு 1965 ஆகஸ்ட் 5 முதல் 1966 ஜனவரி 25 வரையான காலம். சங்ராம் மெடல் 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை பணியில் இருந்தவர்களுக்கானது. அதே 1971 போரில் பூர்வி ஸ்டார் கிழக்கு முனைக்கு, பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனைக்கு. ஹை ஆல்டிடியூட் மெடலுக்கு 2,700 மீட்டருக்கு மேல் மொத்தம் 180 நாள். நீண்ட பணி மெடல்கள் 9, 20, 30 ஆண்டுகளுக்கு. 9 முடித்தவருக்கு அது இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். பெரிய மெடலைத் தேடும்போது சின்னது விட்டுப்போகிறது. ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிடுவது நல்லது.

எங்கே எழுதுவது

உங்கள் ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு. டிஸ்சார்ஜ் புக்கில் யார் சீல் குத்தியிருக்கிறார்களோ அவர்களுக்கு. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இஎம்இ (மின், எந்திரப் பொறியாளர் பிரிவு) செகந்திராபாத், ஏஎம்சி (மருத்துவப் பிரிவு) லக்னோ, கார்ட்ஸ் ரெஜிமெண்ட் காம்ப்டி. விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ஆவண அலுவலகம். கப்பற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்தில் உள்ள மாலுமிகள் பணியகம். அதிகாரிகளின் ஆவணம் மட்டும் டெல்லித் தலைமையகத்தில் இருக்கும்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு டிஎஸ்சியில் (ராணுவ நிறுவனங்களைக் காவல் காக்கும் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) சேர்ந்தவர்கள் நம் பக்கத்தில் அதிகம். அவர்களுக்கு ஆர்மி நம்பர் இரண்டு, ரெக்கார்ட்ஸும் இரண்டு. முதல் சர்வீஸில் கிடைத்திருக்க வேண்டிய மெடலைப் பழைய ரெஜிமெண்ட் ரெக்கார்ட்ஸில் கேட்டு, அதன் நகலைக் கண்ணூர் டிஎஸ்சி ரெக்கார்ட்ஸுக்கும் போடுங்கள். ஒரு இடத்தில் மட்டும் கேட்டால் "ஆவணம் அங்கே போய்விட்டது" என்ற பதிலில் ஆறு மாதம் போய்விடும்.

ஸ்பர்ஷ் தளத்தில் சேவை மெடலைத் தேட வேண்டாம். அது பென்ஷனுக்கானது. ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் நாளில் மனுக் கொடுக்கலாம், ஆனால் ராணுவப் பதிவேட்டைத் திருத்தும் அதிகாரம் கலெக்டருக்கும் இல்லை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் இல்லை. நம் ஊரில் சைனிக் ஆபீஸ் என்று சொல்லும் அந்த அலுவலகத்தின் பயன் வேறு: உங்கள் கடிதத்தை முகப்புக் கடிதத்தோடு அனுப்புவார்கள், நகல்களைச் சான்றளிப்பார்கள், தமிழில் சொன்னால் ஆங்கிலத்தில் எழுத உதவுவார்கள். வெலிங்டனில் தமிழ் தெரிந்தவர் இருக்கலாம், ஃபைல் ஆங்கிலத்தில்தான் நகரும். முகப்புக் கடிதத்தோடு போகும் மனுவுக்கு ஒரு எண் இருக்கும், பின்னால் கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

அறிகுறி: மெடல் பெட்டியில் இருக்கிறது, டிஸ்சார்ஜ் புக்கில் எழுதவில்லை

இது எளிது. மெடலின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். நம்பர், பதவி, பெயர் பொறித்திருக்கும். அந்த எழுத்து தெரியும்படி பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, டிஸ்சார்ஜ் புக் நகலோடு அனுப்பி, ஷீட் ரோலில் உள்ளபடி டிஸ்சார்ஜ் புக்கைத் திருத்தித் தரும்படி கேளுங்கள். ஷீட் ரோலில் இருந்து புக்கில் விட்டுப்போயிருந்தால் அது எழுத்துப்பிழைதான். அசல் புக்கைக் கேட்பார்கள். முடிந்தால் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் பெங்களூரு ஒரு நாள் வேலை. தபாலில் அனுப்பத்தான் வேண்டும் என்றால், சான்றளித்த முழு நகல் உங்களிடம் இல்லாமல் அசலை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள்.

அறிகுறி: புக்கில் இருக்கிறது, மெடல் வந்ததே இல்லை

பார்ட் டூ ஆர்டர் வந்தவுடன் ரிப்பன் குத்திக்கொள்ளலாம் என்பதால், மெடலே வராமல் ரிப்பனோடு பணி முடித்தவர்கள் உண்டு. உரிமை பதிவாகிவிட்டது, பொருள்தான் பாக்கி. பார்ட் டூ ஆர்டர் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, மெடல் அனுப்பப்பட்டதா, எந்த முகவரிக்கு, திரும்பி வந்ததா என்று கேளுங்கள்.

திரும்பி வந்திருக்க வாய்ப்பு அதிகம். காரணம் நம் மாவட்டத்தின் பெயர். டிஸ்சார்ஜ் புக்கில் 'வடாற்காடு மாவட்டம், குடியாத்தம் தாலுகா' என்று இருக்கும். 1989-இல் வடாற்காடு பிரிந்தது. பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. தாலுகாக்களும் பிரிந்தன. வாலாஜாக்காரர் இன்று ராணிப்பேட்டை மாவட்டம், வாணியம்பாடிக்காரர் திருப்பத்தூர் மாவட்டம். நாசிக்கில் இருப்பவருக்கு இது தெரிய வழியில்லை. ஆகவே எந்தக் கடிதமாக இருந்தாலும் முதல் பத்தியில் 'பதிவேட்டில் உள்ள முகவரி இது, இன்றைய முகவரி இது, இரண்டும் ஒரே ஊர்' என்று எழுதி, பின்கோடு, செல் நம்பர் போட்டு, ஆதார் நகலை இணையுங்கள். முடிந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரே ஊர் என்ற சான்றும் வாங்கி வையுங்கள்.

அறிகுறி: புக்கிலும் இல்லை, கையிலும் இல்லை; கூட இருந்தவர்களுக்கெல்லாம் வந்திருக்கிறது

இதுதான் அதிகம் வரும் சிக்கல், நேரம் எடுப்பதும் இதுதான். காரணங்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

அந்த நேரத்தில் நீங்கள் சொந்த யூனிட்டில் இல்லை. அட்டாச்மெண்டில், அதாவது தற்காலிகமாக, வேறு யூனிட்டில், ராஷ்ட்ரிய ரைபிள்ஸில், அஸ்ஸாம் ரைபிள்ஸில், பிரிகேட் தலைமையகத்தில் இருந்தீர்கள். சொந்த யூனிட் பட்டியல் எழுதும்போது நீங்கள் வெளியே. போன யூனிட் எழுதும்போது நீங்கள் திரும்பிவிட்டீர்கள். இரண்டு பட்டியலிலும் பெயர் இல்லை.

அல்லது கோர்ஸில் இருந்தீர்கள், ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், பார்ட் டூ ஆர்டர் வெளிவருவதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டீர்கள். மெடல் அறிவிப்பே போர் முடிந்து ஆண்டு கழித்து வரும். 1965 போருக்கான ரக்ஷா மெடல் 1967-இல்தான் ஏற்படுத்தப்பட்டது. இடையில் வெளியே வந்தவர்கள் விட்டுப்போவது இயல்பு. 1971-இல் ரிசர்விலிருந்து திரும்ப அழைக்கப்பட்டவர்களுக்கும் இதே கதி நேரலாம். அந்தச் சில மாதப் பணி தனியாக எழுதப்பட்டிருக்கும், அதைத் தனியாகத் தேடச் சொல்ல வேண்டும்.

அல்லது ஜேசிஓ (ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர்) ஆனீர்கள், நம்பர் மாறியது. நாயப் சுபேதார் ஆனதும் ஜேசி என்று தொடங்கும் புது நம்பர். பட்டியல் பழைய நம்பரில், ஷீட் ரோல் புது நம்பரில் என்று இருந்தால் இரண்டும் சந்திக்கவே இல்லை. ஆகவே கடிதத் தலைப்பிலேயே இரண்டு நம்பரையும் போடுங்கள். நம்பரின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தையும் விடாதீர்கள். அது எண்ணைச் சரிபார்ப்பதற்கான எழுத்து.

என்ன செய்ய வேண்டும்? அந்த மெடலுக்குரிய காலத்தில் நீங்கள் எந்த இடத்தில், எந்த யூனிட்டில் இருந்தீர்கள் என்று காட்டும் காகிதங்களைச் சேருங்கள். பலம் உள்ள வரிசை இது. அட்டாச்மெண்ட், பணி மாற்றம் பற்றிய பார்ட் டூ ஆர்டர், மூவ்மெண்ட் ஆர்டர் முதலில். ஃபீல்டு ஏரியா அலவன்ஸ், ஹை ஆல்டிடியூட் அலவன்ஸ், சியாச்சின் அலவன்ஸ் வாங்கியதைக் காட்டும் சம்பளச் சீட்டு அடுத்தது. இது கிட்டத்தட்ட முதலாவதற்குச் சமம், ஏனென்றால் காசு கொடுத்த கணக்கு ராணுவத்தின் சொந்தக் கணக்கு. மிலிட்டரி ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, லீவ் சர்டிபிகேட் அதன் பிறகு. வீட்டுக்கு எழுதிய இன்லேண்டு லெட்டர்களைத் தூக்கிப் போடாதீர்கள். 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரி மட்டும் இடத்தைக் காட்டாது, ஆனால் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் எண்ணும் தேதியும் உள்ள முத்திரை, மற்றக் காகிதங்களோடு சேரும்போது நன்றாக உதவும்.

கடைசியாக, கூட இருந்தவர்கள். அதே கம்பெனியில், அதே தேதியில் இருந்த இரண்டு பேரின் டிஸ்சார்ஜ் புக் நகலும், நோட்டரி முன் கையெழுத்திட்ட அபிடவிட்டும் வேண்டும். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டையிலும் சுற்று ஊர்களிலும் ஒரே பட்டாலியனில் இருந்தவர்களைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. அபிடவிட்டில் "இவர் நல்லவர், போருக்குப் போனார்" என்று எழுதி வாங்காதீர்கள். 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்த யூனிட்டின் இந்தக் கம்பெனியில், இந்த செக்டரில் நானும் இவரும் இருந்தோம். எனக்கு இந்த மெடல் இந்தப் பார்ட் டூ ஆர்டர் எண்ணில் பதிவாகியிருக்கிறது' என்று இருக்க வேண்டும். அந்த ஆர்டர் எண்தான் முக்கியம். கிளார்க் அதை எடுத்தால், அதே பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, பிழையோடு இருக்கிறதா, இல்லவே இல்லையா என்று ஒரே பார்வையில் தெரியும்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். முதல் பத்தியில் நம்பர்கள், பதவி, பெயர், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, முகவரி. இரண்டாவதில் எந்த மெடல், எந்தக் கிளாஸ்ப், எந்தக் காலத்துக்கு. மூன்றாவதில் அப்போது இருந்த யூனிட், அட்டாச்மெண்ட், இணைப்பு எண்ணோடு. நான்காவதில் கோரிக்கை: ஷீட் ரோலைச் சரிபார்த்து, பதிவு இல்லை என்றால் யூனிட்டிடம் விசாரித்துப் பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, டிஸ்சார்ஜ் புக்கைத் திருத்தி, மெடல் வழங்குக. இந்தக் கோரிக்கைகளைத் தனித்தனி வரியில் எழுதுங்கள். 'மெடல் தருக' என்று மட்டும் எழுதினால் மெடலை அனுப்பிவிட்டுப் பதிவைத் தொடாமல் விட்டுவிடலாம்.

அறிகுறி: "பதிவேட்டின்படி தகுதி இல்லை" என்று பதில் வந்தது

மனம் தளர வேண்டாம். அந்தப் பதிலில் பெரும்பாலும் இருப்பது 'எங்கள் பதிவில் இல்லை' என்ற செய்திதான். நீங்கள் அங்கே இல்லை என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. இப்போது தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். 10 ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர், 'கணக்கு அலுவலர்' பெயரில், அந்த ரெக்கார்ட்ஸ் ஆபீஸைக் குறிப்பிட்டு. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் பிறகு கேட்பார்கள்.

"எனக்கு ஏன் மெடல் தரவில்லை" என்று கேட்காதீர்கள். அது கேள்வி, சட்டம் தருவது ஆவணத்தை. இப்படிக் கேளுங்கள்: என் ஷீட் ரோலில் மெடல்கள் பதிவாகும் பக்கத்தின் சான்றளித்த நகல். என் பணியிடங்களைக் காட்டும் பக்கத்தின் நகல். இன்ன காலத்தில் என்னைப் பற்றி வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகல். என் யூனிட்டுக்கு இந்த மெடலுக்காக வெளியான பார்ட் டூ ஆர்டரின் எண்ணும் தேதியும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால் 30 நாளுக்குள் அதே அமைப்பின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு, அதன் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு.

நகல் வந்ததும் பணியிடப் பக்கத்தை மெடலின் தேதியோடு ஒப்பிடுங்கள். அவர்கள் சொந்தப் பதிவே நீங்கள் அந்த யூனிட்டில் இருந்ததைக் காட்டினால், அந்தப் பக்கத்தைக் கோடிட்டு இரண்டாவது கடிதம் போடுங்கள். இதைவிடப் பலமான சாட்சி இல்லை. பழைய போர்களுக்கு யூனிட்டின் வார் டயரி (போர்க்கால அன்றாடக் குறிப்பேடு) பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவில் இருக்கலாம். யூனிட் அந்தத் தேதியில் எங்கே இருந்தது என்பதில்தான் சர்ச்சை என்றால் அதைக் கேட்கலாம். ஒரு தனி சிப்பாயின் பெயரை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

அறிகுறி: "ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன"

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஆவணத்தை 25 ஆண்டு வைத்திருந்து பிறகு அழிக்க ராணுவ விதி இடம் தருகிறது. ஆனால் லாங் ரோல் என்ற பதிவேட்டை அழிப்பதில்லை. அதில் பெயர், நம்பர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி போன்ற சுருக்கமான குறிப்பு இருக்கும். ஆகவே 'லாங் ரோல் பதிவின் நகல் தருக' என்று கேளுங்கள். அது நீங்கள் பணியில் இருந்ததை நிரூபிக்கும். அன்றைய தேதியில் பணியில் இருந்தாலே போதும் என்ற மெடல்களுக்கு அதுவே போதுமான ஆதாரம். போர்ப்பகுதி மெடல்களுக்கு மட்டும் மேலே சொன்ன சம்பளச் சீட்டு, தோழர்களின் ஆர்டர் எண் எல்லாம் வேண்டும். அழிந்ததற்குச் சான்று என்ன, எந்தத் தேதியில் அழித்தார்கள் என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு தீர்ப்பாயம் வரை போகும்போது அது தேவைப்படும்.

அறிகுறி: "இந்தப் பெயரில் ஆள் இல்லை"

ஏழுமலை என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வடாற்காட்டில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ஒருவர் 'எல்' போடுவார், ஒருவர் 'இசட் எச்' போடுவார். முதல் எழுத்தை ஒருவர் 'இ' என்றும் இன்னொருவர் 'ஒய்' என்றும் தொடங்குவார். ஆள்சேர்ப்பில் காதால் கேட்டதை எழுதியது ஒன்று, ஆதாரில் வேறு. இனிஷியல் முன்னால் ஒரு இடம், பின்னால் ஒரு இடம், அப்பா பெயரே முழுப்பெயராகச் சேர்ந்தது ஒரு இடம். கணினியில் தேடுபவருக்கு இவை நான்கு வெவ்வேறு ஆட்கள்.

கடிதத்தில் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள எழுத்துக்கூட்டையே எழுதுங்கள், எழுத்துக்கு எழுத்து, பிழையாக இருந்தாலும். கீழே, 'ஆதாரில் இப்படி இருக்கிறது, இரண்டும் நானே' என்று ஒரு வரி. பெயர் திருத்தத்தையும் மெடலையும் ஒரே மனுவில் கேட்கக் கூடாது. பெயர் திருத்தம் அபிடவிட், பத்திரிகை விளம்பரம் என்று தனிப் பாதையில் போவது. மெடல் அதன் பின்னால் கட்டுண்டு நிற்கும்.

அறிகுறி: பதிலே இல்லை

ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததைக் காட்டும் விவரத்தை அச்செடுத்து வையுங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. இரண்டு மாதம் பார்த்து, முதல் கடிதத்தின் நகலோடு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் மத்திய அரசின் குறைதீர் தளத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் பதிவு செய்யுங்கள், பதிவு எண் கிடைக்கும்.

ஆறு மாதம் ஆகியும் முடிவு இல்லையென்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். முடிவு மறுப்பாக வந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம் கெடு. மனுப் போட்டும் முடிவு வராவிட்டால், அந்த முதல் ஆறு மாதம் முடிந்த பிறகு இன்னும் ஆறு மாதம். தாமதத்தை மன்னிக்கக் கோரலாம், ஆனால் காரணம் எழுதிக் காட்ட வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு தபால் ரசீதும் முக்கியம்.

அறிகுறி: விட்டுப்போனது வீரதீர விருதோ காயத்துக்கான மெடலோ

இவற்றுக்குப் பாதை வேறு. சேனா மெடல், வீர் சக்ரா, மென்ஷன் இன் டிஸ்பாட்சஸ் (போர் அறிக்கையில் பெயர் குறிப்பிட்டுப் பாராட்டுவது) எல்லாம் இந்திய அரசிதழில் வெளியாகும். அந்த அரசிதழ் நகல் இருந்தால் வாதமே இல்லை. 'சிபாரிசு செய்தார்கள், வரவில்லை' என்பது பதிவுப் பிழையில் சேராது. கிடைக்காத விருதைப் பதிவுத் திருத்தத்தால் பெற முடியாது. கிடைத்த விருது பதிவில் இல்லையென்றால் உடனே சரிசெய்யுங்கள், ஏனென்றால் இதில் பணமும் உண்டு: வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2017 ஆகஸ்ட் 1 முதல் மாதம் 2,000 ரூபாய், வீர் சக்ராவுக்கு 7,000. சேவை மெடல்களுக்குப் பணப்பயன் கிடையாது.

காயத்துக்கான மெடலான பராக்கிரம் பதக்கம் நிற்பது ஒரே சொல்லில்: நீங்கள் 'பேட்டில் கேஷுவல்டி'யா, 'பிசிகல் கேஷுவல்டி'யா? எதிரியின் நடவடிக்கையில் நேரடியாகக் காயம்பட்டவர் முதல் வகை. வண்டி கவிழ்ந்து காயம்பட்டவர் பெரும்பாலும் இரண்டாவது. குண்டடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவரை அவசரத்தில் இரண்டாவது வகையில் எழுதியிருந்தால் மெடல் மட்டும் போவதில்லை. போர்க்காயப் பென்ஷனும் சாதாரண ஊனப் பென்ஷனாகக் குறைந்துவிடுகிறது. எனவே மெடலைத் தனியாகக் கேட்காதீர்கள். காய அறிக்கை, மருத்துவக் குழுவின் நடவடிக்கைகள், கேஷுவல்டி பார்ட் டூ ஆர்டர் மூன்றின் நகலையும் தகவல் உரிமையில் வாங்கி, வகையைத் திருத்தக் கோருங்கள். மூன்றில் ஒன்றில் மட்டும் சொல் மாறியிருந்தால் மற்ற இரண்டும் உங்கள் சாட்சி. இந்தக் கட்டத்தில் தீர்ப்பாயத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞரின் உதவி தேவை.

அறிகுறி: மெடல் தொலைந்தது

இது பதிவுப் பிழை இல்லை. காவல் நிலையத்தில் தொலைந்ததற்கான சான்று வாங்கி, ரெக்கார்ட்ஸ் வழியாக மாற்று மெடல் கேளுங்கள். அதற்குக் கட்டணம் உண்டு. கடையில் கிடைக்கும் போலியை அணிவகுப்பில் குத்திக்கொள்ளலாம், ஆனால் அதைப் போட்டோ எடுத்து ஆதாரமாக அனுப்பிவிடாதீர்கள். விளிம்பில் பெயர் இல்லாத மெடலைப் பார்த்தால் மற்ற ஆதாரங்களையும் சந்தேகிப்பார்கள்.

அறிகுறி: அவர் இறந்துவிட்டார், மனைவியோ பிள்ளையோ கேட்கிறார்கள்

உரிமை இறப்போடு முடிவதில்லை. இறப்புச் சான்று, குடும்பப் பென்ஷன் பிபிஓ, வாரிசுச் சான்று சேர்த்து மனைவி பெயரில் எழுதுங்கள். மனைவி இல்லையென்றால் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு ஒரு பிள்ளை. தகவல் உரிமை மனுவில் 'மூன்றாம் நபர் தகவல்' என்று மறுக்க வாய்ப்பு உண்டு. முதலிலேயே வாரிசு என்பதைக் காட்டும் நகலை இணைத்துவிட்டால் அந்தத் தடை குறையும். அவருடைய பெட்டியில் உள்ள ஒரு காகிதத்தையும் எரிக்காதீர்கள். பழைய மணியார்டர் துண்டில்கூட யூனிட் பெயரும் தேதியும் இருக்கும்.

மெடல் வந்து சேர்ந்ததும்

பெட்டியைத் திறந்ததும் விளிம்பைப் படியுங்கள். நம்பரும் பெயரும் டிஸ்சார்ஜ் புக்கோடு ஒத்திருக்கிறதா, கேட்ட கிளாஸ்ப் இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் ஒப்புகை அனுப்பும் கடிதத்திலேயே எழுதுங்கள். பெற்றுக்கொண்டேன் என்று வெறுமனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் ஃபைல் மூடிவிடும். பார்ட் டூ ஆர்டர் எண்ணோடு டிஸ்சார்ஜ் புக்கில் பதிவாகி, அதன் கீழ் ரெக்கார்ட்ஸ் ஆபீஸரின் கையெழுத்தும் சீலும் விழுந்த பக்கத்தின் நகலைச் சைனிக் ஆபீஸில் உள்ள உங்கள் கோப்பிலும் சேர்த்துவிடுங்கள்.